பரவாயில்லை என்று சொல்லியே ஃபெயிலாக்குவது

தம்பி,

நான் அனுப்பும் குரல் செய்திகளை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் மனைவி போட்டுக் கொடுத்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தை அப்படி ஓடவிட முடியாது. இதை என் இணையப் பக்கத்திலும் போடப் போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உன் பெயரோ, மருத்துவமனையோ, வார்டோ இதில் வராது. அந்தப் பெண்ணுக்கும் அந்தப் பெரியவர்களுக்கும் வேறு பெயர் வைத்துவிட்டேன். என் பக்கத்துக்குப் பாட்டுப் போட்டி பற்றிப் படிக்க வருகிறவர்களில் நர்ஸ்கள் இருக்கிறார்கள், பாலர் பள்ளி ஆசிரியைகள் இருக்கிறார்கள், உன்னைப் போலவே அட்டாச்மென்ட் என்று வேலைப் பயிற்சிக்கு வரும் மாணவர்களைக் கவனித்து மார்க் போடுகிற வேலை தலையில் கட்டப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். எனக்கு இருக்கிற எரிச்சலை நீ ஒருவனே தாங்க மாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆங் மோ கியோவிலிருந்து ஜூரோங்கில் என் வீடு வரைக்கும் மீன் தலைக் கறிக்காக வந்தாய். உன் மனைவிக்கு அன்று ஷிஃப்ட். நீ வந்து உட்கார்ந்து முதல் வாய் வைப்பதற்குள் சொன்னாய், "ம்மா, அந்த ஸ்டூடன்ட்ட ஃபெயில் பண்ணப் போறேன்."

"எந்த ஸ்டூடன்ட்?"

"ஷாலினி. ஃபைனல் இயர் நர்சிங். எங்க வார்டுல அட்டாச்மென்ட் பண்ணுதே, நான்தான் ப்ரிசெப்டர், கூட இருந்து சொல்லிக்குடுத்து மார்க் போடறவன். பேஷன்ட்ட எல்லாம் தாத்தா, பாட்டிங்குது. என்னை ஸ்டாஃப்னு கூப்பிடாம அண்ணேங்குது, எல்லார் முன்னாடியும்."

"அண்ணேன்னா ஃபெயிலா? அப்ப தேக்கா மார்க்கெட்டுல பாதிப் பேர் ஃபெயில்தான் லா."

"ஜோக் அடிக்காதீங்கம்மா. தப்பான பேஷன்ட்ட எக்ஸ்ரேக்கு அனுப்பிருச்சு."

அப்போதுதான் நான் கரண்டியைக் கீழே வைத்தேன். நீ சொன்னதை நான் புரிந்துகொண்டபடி திரும்பச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. ஒரே அறையில் இரண்டு தமிழ்ப் பெரியவர்கள். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் பெருமாள். கதவுப் பக்கத்தில் கண்ணையா. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டியது பெருமாளுக்கு. "பெருமாளைத் தயார் பண்ணு" என்று ஷாலினியிடம் சொன்னாய். அவள் கதவுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போய், "மிஸ்டர் பெருமாள்தானே?" என்று கேட்டாள். கண்ணையா "ஆமாம்மா" என்றார். சக்கர நாற்காலியில் உட்கார வைத்துப் போர்வை போர்த்தி அனுப்பிவிட்டாள். கீழே எக்ஸ்ரே அறையில் அவருடைய மணிக்கட்டில் கட்டியிருந்த பெயர் டேகைப் படித்து, இவர் அவர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பெரியவர் குளிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அது எக்ஸ்ரேயாக இல்லாமல் ஊசியாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீ சொன்னபோது உன் குரல் மாறியது. அந்த இடத்தில் உன்மேல் எனக்கு மரியாதையாகத்தான் இருந்தது. "நீங்கதானே இவர்" என்று கேட்கக் கூடாது, "உங்க பேர் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும், அவர் சொல்வதை டேகோடு ஒப்பிட வேண்டும் என்று விளக்கினாய். நான் நர்ஸ் இல்லை. எனக்கே உடனே விளங்கியது.

அத்தோடு விட்டிருந்தால் நான் உன் பக்கம்தான். ஆனால் என்னைத்தான் உனக்குத் தெரியுமே, ஒரு பாட்டுப் போட்டியில் ஒரு சுற்று முடிந்தால் ஒரு வாரம் பேசுகிறவள். கேட்க ஆரம்பித்தேன்.

"இதுக்கு முன்னாடி அவ டேகைப் பாக்காம விட்டதை நீ பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"என்ன சொன்ன?"

"பரவாயில்ல, அடுத்த தடவை பாத்துக்கன்னேன்."

"லேட்டா வந்தப்ப?"

"பரவாயில்லன்னேன்."

"அண்ணேன்னு கூப்பிட்டப்ப?"

"சிரிச்சேன்."

"நடுவுல ஒரு தடவை மார்க் போடணும்பியே, அதுல?"

நீ மீன் முள்ளை ரொம்பக் கவனமாக எடுத்தாய். "எல்லாத்துக்கும் சாட்டிஸ்ஃபாக்டரி போட்டேன். அன்னிக்கு வார்டுல செம பிஸி. அதுவும் நல்ல பொண்ணுமா, மனசு ஒடஞ்சுருமேன்னு."

தம்பி, அந்தப் பரவாயில்லையைப் பற்றி நான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரயிலில் காலை மிதித்தவனிடம் சொன்னால் அதற்கு அர்த்தம், வலிக்கிறது, ஆனாலும் போ. புது ஓட்டல் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னால், எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது. பிள்ளையின் மார்க்கைப் பார்த்து அப்பா சொன்னால், இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம். வீட்டுக்கு வந்த விருந்தாளி சொன்னால், இன்னொரு தோசை போடு. முகத்தைப் பார்த்து, இடத்தைப் பார்த்து, பழகிய பழக்கத்தை வைத்துத்தான் எது என்று நமக்கே தெரியும். நீ அதை "இந்த ஒரு தடவை விடுகிறேன்" என்ற அர்த்தத்தில் சொன்னாய். வீட்டில் ஆங்கிலம் பேசி, பள்ளியில் இரண்டாம் மொழியாகத் தமிழ் படித்த பெண் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பாள்? 'இட்ஸ் ஓகே' என்றுதான். டேகைப் பார்க்காவிட்டாலும் ஓகே என்று அவளுடைய ப்ரிசெப்டரே சொல்லிவிட்டார் என்றுதான். வாரக்கணக்கில் நீ அவளுக்கு ஓகே சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே அடியாக ஃபெயில் என்கிறாய். நடுவில் எந்தப் படியும் கிடையாது.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பாய். நான் முறையாக எதையும் படித்தவள் இல்லை. உன்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இணையத்தில் யார் யாரோ போட்ட வீடியோக்களைப் பார்த்து எடிட்டிங் கற்றுக்கொண்டேன். சிராங்கூன் சாலையில் ஒரு புடவைக் கடைக்குத் தீபாவளி வீடியோ செய்து கொடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் பின்னால் நின்று விளக்குப் பிடித்தாய். கடைக்காரர் பார்த்துவிட்டு, "சூப்பர்மா" என்றார். அடுத்த வருஷம் கூப்பிடவில்லை. நான் போன் செய்தால், "சொல்றோம்மா" என்றார். அந்த வீடியோவில் என்ன குறை என்று அவர் சொல்லவே இல்லை. வெகு நாள் கழித்து வேறு ஒரு வாடிக்கையாளர், "அக்கா, நீங்க புடவையைக் காட்டவே மாட்டேங்கறீங்க, பொண்ணு மூஞ்சியையே காட்டுறீங்க, நான் விக்கிறது புடவை," என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். சுருக்கென்றது. ஆனால் அன்றிலிருந்துதான் எனக்கு வேலை வர ஆரம்பித்தது. அந்த சூப்பர் என்னைக் காயப்படுத்தாமல் காப்பாற்றியது என்று நினைக்கிறாயா? என்னிடமிருந்து ஒரு வருஷத்தைத்தான் பிடுங்கியது.

அதனால்தான் நான் போட்டிக்குப் பாட வரும் பிள்ளைகளுக்குக்கூட வெறும் சூப்பர் போடுவதில்லை. சரணத்தின் இரண்டாவது வரியில் சுருதி இறங்கியது என்று எழுதுவதற்கு முன்னால் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்பேன். மூச்சு எங்கே வாங்கினான், வார்த்தையை எங்கே முழுங்கினான் என்று பார்ப்பேன். அவன் யாரோ, நான் யாரோ. நான் எழுதுவதால் அவனுக்கு எதுவும் ஆகப் போவதில்லை. ஆனால் நீ எழுதும் நாலு வரியால் ஒரு பெண் தன் கூட்டாளிகளோடு பட்டம் வாங்காமல் நிற்கலாம். படிப்பையே விட்டுவிட்டுப் போகலாம். அல்லது, கவனமில்லாத ஒரு பெண் தனியாக ஒரு வார்டில் மருந்துத் தட்டோடு நிற்கலாம். ஒரு ரசிகை பார்க்கிற அளவுக்குக்கூட நீ பார்க்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அடுத்த கேள்வியை நான் கேட்டபோது உனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"அது சரி, அந்தக் கண்ணையா ஏன்டா ஆமான்னார்?"

"வயசானவர்மா. கொழம்பிருப்பார்."

"மறதி உண்டா?"

"அதெல்லாம் இல்ல. செம தெளிவு. ஃபுட்பால் பத்தி ஆரம்பிச்சார்னா நிறுத்தவே மாட்டார்."

"நீ அவரை எப்படிக் கூப்பிடுவ?"

"மிஸ்டர் பெருமாள்," என்றாய். சொன்ன பிறகுதான் உன் கை தட்டிலேயே நின்றது. "ம்மா... ஸ்கிரீன்ல அப்படித்தான் வரும். கண்ணையா சன் ஆஃப் பெருமாள். கடைசியா இருக்கறதுதானே சர்நேம்னு எல்லாரும்..."

"நீயுமா?"

நீ போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாய்.

தம்பி, நமக்கு ஏதடா குடும்பப் பெயர்? பாலிகிளினிக்கில் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். மேடம் ஆறுமுகம், என் அப்பா பெயர். பல் பிடுங்க ஆறுமுகம், ரத்தம் எடுக்க ஆறுமுகம், மார்பகப் பரிசோதனைக்கும் ஆறுமுகம். உன் தாத்தா கேட்டால் ஓடியே போயிருப்பார். முதலில் சில தடவை நான் திருத்தினேன். கவுன்ட்டரில் இருந்த சீனப் பெண் பாவம், மன்னிப்புக் கேட்டாள். அடுத்த தடவை வேறு ஒருத்தி. அப்புறம் பழகிவிட்டது, ஆறுமுகம் என்றால் நான் எழுந்து போகிறேன். கண்ணையா ஆயுசு முழுக்க அப்படி எழுந்து போனவராக இருப்பார். அவர் குழம்பவில்லை. நீங்கள் வைத்த பெயருக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த வார்டில் அப்பா பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று பார்த்ததும் தெரிந்திருக்க வேண்டியவன் நீ. நீயே அவரைப் பெருமாளாக்கிவிட்டு, அந்தப் பெண் அதை நம்பினாள் என்று ஃபெயில் போடுகிறாய்.

"அப்ப அது பண்ணது தப்பே இல்லைங்கறீங்களா?" என்று போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாய்.

"தப்புதான். யார் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டா என்ன, டேகைப் பாத்திருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும். டேக் கட்டறதே அதுக்குத்தானே."

"பின்ன?"

"பின்ன ஒண்ணுமில்ல. சாப்பிடு."

நீ போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே உன்னுடைய அட்டாச்மென்ட் நாட்களை நினைத்தேன். கடைசி நாள் மதிப்பீட்டை வாங்கிக்கொண்டு வந்தவன் டோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாற மறந்து எங்கேயோ போய் இறங்கி எனக்குப் போன் செய்தாய். "ம்மா, குவாயட்னா நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாய். உன் ப்ரிசெப்டர் உன்னைப் பற்றி அந்த ஒரு வார்த்தைதான் எழுதியிருந்தார். நான் நோயாளிகள் தூங்கும் இடத்தில் சத்தம் போடாத பையன் என்று பாராட்டியிருக்கிறார் போல என்றேன். வீட்டுக்கு வந்து இருவரும் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தயங்குகிறான் என்பதைத்தான் அவர் அப்படி நாசூக்காக எழுதியிருந்தார். அந்தப் பகுதியில் மார்க் குறைந்திருந்தது. "ஒரு தடவை என்கிட்ட சொல்லியிருந்தா மாத்திருப்பேன்லமா," என்று ஒரு வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் கெட்டவர் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. நல்ல மனுஷன், ரொம்ப சாஃப்ட் என்றுதான் சொன்னாய். இப்போது வார்டில் அந்த நல்ல மனுஷன் நீதான்.

நேற்று மதியம் நீ கூப்பிட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கண்ணையாவிடம் போய் நேராகவே கேட்டிருக்கிறாய்.

"தாத்தா, உங்க பேர் என்ன?"

"கண்ணையா."

"பெருமாள்?"

"அது எங்கப்பன் பேருய்யா. நான் வந்த நாள்லேருந்து இங்க எங்கப்பனுக்குத்தான் வைத்தியம் நடக்குது."

"ஏன் தாத்தா சொல்லல?"

"நீங்கல்லாம் ஓடிக்கிட்டே இருக்கீங்க. பரவாயில்லன்னு விட்டுட்டேன்."

நீ அதைச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்புறம் ஷாலினியையும் கேட்டதாகச் சொன்னாய். பரவாயில்லை என்று நான் சொன்னபோது என்ன நினைத்தாய் என்று கேட்டதற்கு, "ஓகேன்னு நினைச்சேன் அண்ணே. சாரி, ஸ்டாஃப்," என்றாளாம். இதுவரை எல்லாம் சரி. அதற்கப்புறம் நீ சொன்னாய் பார், அதில்தான் எனக்குத் தலை சுற்றியது.

"பாவம்மா. எம்மேலயும் தப்பு இருக்கு. பாஸ் போட்டு விட்டுடறேன்."

என்னடா இது, சந்தை வியாபாரமா? ஞாயிற்றுக்கிழமை கோபம் வந்தது, ஃபெயில். திங்கட்கிழமை பாவம் வந்தது, பாஸ். இரண்டு தடவையும் நீ பார்த்தது உன் மனசைத்தான். அந்தப் பெண்ணின் கையை நீ இன்னும் பார்க்கவில்லை. நீ சொல்லிக் கொடுக்கவில்லை என்பதற்காக அவளுக்கு வேலை தெரிந்ததாக ஆகிவிடாது. அவள் பாவம் என்பதால் கட்டிலில் படுத்திருப்பவருடைய மருந்து மாறாமல் இருக்காது. நாளைக்கு நான்தான் அந்தக் கட்டிலில் கிடப்பேன், யாராவது வந்து மேடம் ஆறுமுகமா என்று கேட்பார்கள், மயக்கத்தில் நானும் தலையாட்டுவேன். அப்போது என் கையைத் திருப்பி டேகைப் படிக்கிற பிள்ளைதான் எனக்கு வேண்டும். அவள் என்னைப் பாட்டி என்று கூப்பிட்டாலும் சரி, மேடம் என்றாலும் சரி.

மதிப்பீட்டை வெள்ளிக்கிழமைதான் அனுப்ப வேண்டும் என்றாய். இன்னும் நாள் இருக்கிறது, அவளுக்கு ஷிஃப்டும் இருக்கிறது. நாளைக் காலையில் முதல் வேலையாக அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பரவாயில்லை, பார்த்துக்கொள் எல்லாம் இல்லாமல், உடைத்துச் சொல். டேகைப் பார்க்காமல் எதையும் செய்யாதே, இதில் தவறினால் ஃபெயில், இன்றிலிருந்து நான் பார்க்கப் போகிறேன் என்று சொல். வேண்டுமானால் ஆங்கிலத்திலேயே சொல், அவளுக்கு எது நன்றாக விளங்குமோ அதில். பிறகு அவள் கட்டில் கட்டிலாகப் போகும்போது கூடவே போ. உதவாதே, கண்ணால் ஜாடை காட்டாதே, நில். எந்தக் கட்டிலில் என்ன கேட்டாள், என்ன விட்டாள் என்று பார்த்த உடனே குறித்து வை, வெள்ளிக்கிழமை ஞாபகத்திலிருந்து எழுதாதே. அண்ணே என்று கூப்பிடுவதும் டேகைப் பார்க்காததும் ஒன்றல்ல, இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதே. தாத்தா என்று அவள் கூப்பிட்டது அந்தத் தாத்தாவுக்குப் பிடித்திருந்ததா என்று அவரையே கேட்டுவிட்டு எழுது. நடுவில் நீ போட்ட சாட்டிஸ்ஃபாக்டரி பார்க்காமல் போட்டது என்பதையும், கண்ணையாவை நீங்கள் எல்லாரும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்பதையும் உன் வார்டு சிஸ்டரிடமும் அவளுடைய நர்சிங் பள்ளியிலிருந்து வரும் விரிவுரையாளரிடமும் நீயே போய்ச் சொல். உனக்குத் திட்டு விழும். விழட்டும்.

அப்புறமும் அவள் தவறவிட்டால் ஃபெயில் போடு. நான் தடுக்க மாட்டேன், பாவம் என்று ஒரு குரல் செய்திகூட அனுப்ப மாட்டேன். ஒழுங்காகச் செய்தால் பாஸ் போடு, அதையும் எதனால் என்று எழுது. எதுவானாலும் நீ அனுப்பும் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லா வரியையும் அவளுக்கு வாசித்துக் காட்டு. அவளுக்கு முன்னால் வாசிக்க உனக்கு வாய் வராத வரி ஏதாவது இருந்தால் அதை மாற்று. ஃபெயில் என்றால் ஃபெயில் என்ற வார்த்தையை உன் வாயால் சொல். அவள் அழலாம். வெளியே மணி அடிக்கும், யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள், கிளம்பிப் போக உனக்கு நல்ல சாக்குக் கிடைக்கும். போகாதே. அவள் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திரு.

அம்மா